இத்தாலி ஓட்டல் மாப்பிள்ளை

வேதாசலம் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து குலுங்கியது. சொக்கம்மாளின் கண் அதிலேயே போய் நின்றது. இத்தனை சாவி என்றால் எத்தனை கதவு, எத்தனை பீரோ!

தாமலில் இருந்து மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார் மனிதர். "மெட்ராசுல பெரிய பில்டிங் ஒண்ணு அண்ணன் பொறுப்புலதான் கீது" என்று தரகு பேசும் கோவிந்தம்மாள் முன்பே காதில் போட்டிருந்தாள். அப்பேர்ப்பட்ட இடம் காவாந்தண்டலத்துக்குத் தேடி வருவதென்றால் சும்மாவா? இதுவும் தட்டிப்போனால், அவள் மகன் முப்பத்து நாலு வயது கலைச்செல்வனுக்கு வாழை மரத்துக்குத் தாலி கட்டுவதுதான் கதி.

மாப்பிள்ளை நுங்கம்பாக்கம் இத்தாலி ஓட்டலில் பெரிய குக். அதாவது, பொங்கல் வரைக்கும். ஓட்டலை மூடியதும் பெட்டியோடு வந்து இறங்கியவன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கழனியில் வரப்பு வெட்டுவது தெருவுக்கே தெரியும். ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகக் கிடந்த அவனுடைய நீள வெள்ளைத் தொப்பி, இன்று காலைதான் குளித்துவிட்டு டிவி மேல் ஏறியிருந்தது.

முந்திரி மணக்கக் கேசரி வந்தது. வேதாசலம் தட்டை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார்.

"சம்பந்தம் முடிவாவட்டும் தங்கச்சி. அதுக்கு முன்னால கை நனைக்கறது மொறையில்ல." பிறகு மெல்லக் கேட்டார். "ஓட்டலு எப்பிடிப் போவுது?"

"அத்த ஏன் கேக்கறீங்கண்ணே!" சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தொறந்தப்பவே இத்தாலிக்காரன் ஒருத்தன் வந்து நம்ம புள்ளைக்கு மாவு பெசையக் கத்துக்குடுத்தான். கண்ணாடிக் கதவு. மேசைக்கு மேசை மெழுகுவத்தி. சினிமாக்காரங்களே எடம் கெடைக்காம வாசல்ல நின்னுக்கினு கீறாங்க. ஒரு தட்டு சேமியா ஆயிரத்து எர்நூறு ரூபா!"

"சேமியா இல்லம்மா, பாஸ்தா" என்றான் கலைச்செல்வன், தரையைப் பார்த்தபடி.

"ராத்திரி எத்தினி மணிக்குப் பூட்டுவாங்க?" என்றார் வேதாசலம்.

"பூட்டறதா! அந்த ஓட்டலுக்குப் பூட்டே கெடையாதுண்ணே. அப்பிடி ஜனம்!"

கூட வந்திருந்த கோவிந்தம்மாள் ஏனோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வர்ற வெள்ளிக்கெயம எங்க இளவரசிய இட்டுக்கினு வந்து ஒருவாட்டி பாத்துடறேன்."

"வெள்ளிக்கெயமயா... அன்னிக்கு வெள்ளை அடிக்கறாங்கண்ணே."

"அடுத்த வெள்ளி?"

"அன்னிக்கும் அடிக்கறாங்க."

அதற்கு மேல் கலைச்செல்வனுக்குத் தாங்கவில்லை. "ஓட்டல மூடிட்டாங்க மாமா. மொதல்ல ஜனம் வந்தது நெசம். அப்பால மொதலாளிங்களுக்குள்ள சண்ட. வாடகையும் ஏறிப்போச்சி. ஒரு நாள் காலைல வேலைக்குப் போனா கதவுல பூட்டு தொங்குது. பொங்கலேர்ந்து இங்க கழனிலதான் கீறேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி."

சொக்கம்மாளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் வேறு இரண்டு தலை தெரிந்தது. நாளைக்குக் குழாயடிக்கு எந்த முகத்தோடு போவது? தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

சாவிக்கொத்து குலுங்கியது. எழுந்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால், வேதாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேசரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே இது... இவ்ளோ பொய் சொன்னவ வூட்ல போயி கை நனைக்கறீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. கேசரி ஒட்டாத இடது கையால் இடுப்பிலிருந்து கொத்தை உருவி, தட்டுக்குப் பக்கத்தில் சத்தம் வராமல் வைத்தார்.

"அந்தப் பூட்டுக்குச் சாவி இதுதான் தங்கச்சி. மூடனதுலேர்ந்து நான்தான் அங்க வாட்ச்மேனு."