பனிச்சிறுத்தை எழுதிய கதை

நரின் நகரத்துக் குல்பாரா, இணையத்தில் மாயக்கதை எழுதுபவர்களின் குழுவில் ‘பனிச்சிறுத்தை’ என்ற பெயரில் எழுதிவந்தாள். பாதாளத்தில் சிக்கிய இளவரசியின் கதை. எழுதும்போதெல்லாம், யாரோ தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது போலிருக்கும்.

“பின்னிட்டடி! நிறுத்திடாத!” என்பான் குழுவிலிருக்கும் குபாத்.

“இளவரசி எப்பதாண்டி வீடு வந்து சேருவா?” என்பாள் அதே குழுவின் அசெல்.

ஒருநாள் குல்பாராவுக்குக் கை ஓடவில்லை. “அவ வரமாட்டா. இத்தோட விட்டுடறேன்” என்று எழுதினாள்.

பிறகு குபாத் எழுதினான்:

“விட்டுடாதீங்கம்மா. இதே பேருல மீரிம் எழுதி விட்ட எடத்துலேர்ந்து நீங்கதான் எழுதறீங்கன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும். உங்க பொண்ணுக்கு மண்ணு போட்டவன்தானே நான்?”

குல்பாரா அழுது முடித்துவிட்டுப் பதில் எழுதினாள்:

“ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்டுக்கு வாங்க, புள்ளைங்களா. அவ பேரச் சொல்லி போர்சோக் ரொட்டி பொரிக்கறேன்.”