ஸ்கெலட்டன் முனையில் ஒரு சத்தம்

மனோகரின் ஜீப்பில் அந்தச் சத்தம் ஒரே இடத்தில்தான் வந்தது. பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஸ்கெலட்டன் லைன் முனையைத் தாண்டியதும் ‘டங்’ என்று ஒரே ஒரு தடவை. டிரைவர் சம்பங்கி உடனே ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து மூன்று நிமிடம் உற்றுப் பார்ப்பார். பிறகு ஸ்டேஷன் வரைக்கும் வண்டி சமர்த்தாக ஓடும்.

விடியற்காலை பெங்களூர் ரயிலுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. லைன் ரோட்டுச் சேற்றுக்காகவே தேடிப்பிடித்து வாங்கிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். அது அடிக்கடி இப்படி நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மெக்கானிக் விநாயக் ஃபோர் வீல் கியரைப் பிரித்துப் பார்த்தான். ஸ்பிரிங் பட்டையை மாற்றினான். அதே முனையில் பத்து தடவை ஓட்டியும் காட்டினான். வண்டி வாயே திறக்கவில்லை. டிரைவரைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டான்.

மனோகருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. காரணம் மமதா.

கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற இந்த மமதாவுக்குக் காத்திருந்துதான் போன மாதம் வண்டியில் இருந்த அத்தனை பேரும் ரயிலைக் கோட்டை விட்டார்கள். அவர்களில் ஒருத்தியான, ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் பார்வதம்மா அன்று போட்ட கூச்சலில் லைனே திரண்டுவிட்டது. இனி யாருக்காகவும் வண்டி நிற்கக் கூடாது என்று அவள் அடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மனோகரும் சம்பங்கியிடம் கறாராகச் சொல்லிவிட்டான். முனையில் ஆள் இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மீறி நிறுத்தினால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம். அது வருகிற நாளிலெல்லாம் மமதா ஓடி வந்து ஏறிக்கொள்கிறாள் என்று கேள்வி.

கையும் களவுமாகப் பிடிக்க, செவ்வாய்க்கிழமை மனோகர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முனையில் யாரும் இல்லை. வண்டி தாண்டியது. ‘டங்’.

சம்பங்கியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

வண்டி நின்றது. மூச்சிரைக்க ஓடி வந்து ஏறினாள் மமதா. மனோகர் இறங்கி பானெட் பக்கம் போனான்.

"சம்பங்கிண்ணா, இது வண்டிச் சத்தமா?"

"இல்ல தம்பி. பின்னால யாரோ தட்றாங்க."

"தெரிஞ்சேவா நிறுத்தறீங்க?"

மைன்ஸ் மூடுகிறவரை சம்பங்கி வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். பூமிக்கு அடியில் லெவலிலிருந்து வருகிற மணியை மட்டும் நம்பி, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கிய மனிதர்.

"ஓடற கேஜுக்கு ஒரு மணி அடிச்சா நிறுத்திடணும் தம்பி. அடிச்சது யாரு, எதுக்குன்னு கேக்கற பழக்கம் எங்களுக்கு இல்ல. மூணு நிமிஷத்துக்கு மேல நான் நிக்கறதில்ல, ரயிலும் தவறல. வேணாம்னா சாவிய வாங்கிக்கங்க."

மனோகர் சாவியை வாங்கவில்லை. தட்டுகிற ஆளைப் பிடித்தால் போதும் என்று தோன்றிவிட்டது. அந்த ஆளுக்கு இனி இந்த வண்டியில் இடமில்லை என்றும் முடிவு செய்துகொண்டான்.

அடுத்த இரண்டு நாளும் மமதா நேரத்துக்கு வந்துவிட்டாள். சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் பின்சீட்டு மூலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறவன்போல் கிடந்தான். மற்றவர்கள் நிஜமாகவே தூங்கினார்கள். முனையில் மமதா இல்லை.

‘டங்’.

சீட்டுக் கம்பியில் இடித்த டிபன் கேரியர் ஒன்று சத்தமில்லாமல் மடிக்குத் திரும்பியது. பார்வதம்மாவின் மடி.

அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்கதானேக்கா யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு..."

பார்வதம்மா குரலைத் தணித்தாள்.

"பால் குடிக்கிற புள்ளய மாமியார்கிட்ட விட்டுட்டு வருதுப்பா அது. புள்ள அழுதா இன்னா பண்ணும்? அன்னிக்கு லைனையே கூட்டி நான் கத்திட்டேன். இப்ப எந்த வாயால நிறுத்துன்னு சொல்றது?"

மமதா ஓடி வந்து ஏறினாள். பார்வதம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.

மனோகர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"சம்பங்கிண்ணா, சத்தம் இன்னும் சரியாகல. எப்ப வந்தாலும் நிறுத்திப் பாருங்க."