நெவிலின் இடது காது

மூன்றாவது டேக்கிலும் டெஸ்மண்ட் அதே இடத்தில் நின்றுபோனார்.

“முப்பது வருஷம் தீர்ப்பு எழுதின கை இது” என்பது வரை கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தேவாலயத்துக் கல்லறைகளுக்கு நடுவே, நீதிபதியின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

எதிரே நின்ற நெவிலுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

இருவருக்கும் எழுபத்தெட்டு வயது. லண்டனில் ஒரே நாடகப் பள்ளியில் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். டெஸ்மண்டுக்கு மூன்று பெரிய விருதுகள், போன வருஷம் அரண்மனையில் சர் பட்டம். நெவிலுக்கு இடது காது.

அதாவது, கேமரா எப்போதும் நெவிலின் முதுகுக்குப் பின்னால்தான். அவருடைய இடது காதையும் சட்டைக் காலரையும் ஓரமாக வைத்துக்கொண்டு, எதிரே டெஸ்மண்டின் முகத்தைப் பிடிப்பார்கள். இறைச்சிக் கடை வரிசையில்கூட ஜனங்கள் பின்னால் நின்று பார்த்துத்தான் அவரை அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

எல்லாம் அந்த உதட்டால் வந்த வினை. எதிரே இருப்பவர் பேசும்போது அதுவும் சத்தமில்லாமல் கூடவே பேசும். நாடகப் பள்ளி ஆசிரியை வாயில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

எப்படிப் போகும்? டெஸ்மண்டுக்கு எந்த வேஷம் வந்தாலும் அதன் வசனம் முழுவதையும் நெவில் மனப்பாடம் செய்துவிடுவார். குளியலறையில் நின்று, டெஸ்மண்டைவிட நன்றாகவே சொல்லிப் பார்ப்பார். வயிற்றெரிச்சல்தான். அதற்கு வேறு பெயர் வைத்து அவர் தன்னை ஏமாற்றிக்கொண்டதில்லை.

இந்தத் தொலைக்காட்சித் தொடரில் வாரத்துக்கு ஒரு கொலை. விருந்தாளியாக வந்து நடிக்கிறவர்களில் யார் பெரிய பெயரோ அவர்தான் கொலைகாரர். இது நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்த வாரம் அந்த மரியாதை டெஸ்மண்டுக்கு. நெவில் கல்லறைத் தோட்டக்காரர், அவருக்கு இரண்டே வரி.

கொலையை அடுத்த வாரம்தான் எடுக்கப்போகிறார்கள். வாக்குமூலத்தை இன்றைக்கே, டெஸ்மண்டின் முதல் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

காலையில் தேநீர் வண்டியருகே தயாரிப்பாளர் பெனெல்லா நெவிலை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“ஒத்திகையிலயே டெஸ்மண்டுக்கு வசனம் ஒண்ணும் மனசுல நிக்கல. இன்னிக்கு மதியத்துக்குள்ள வரலைன்னா நீங்கதான் நீதிபதி, நெவில். கோட்டு உங்களுக்கும் சரியா இருக்கும். ஆனா அந்த உதடு மட்டும்...”

அதனால் இன்று அவர் உதட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். மூன்று டேக்கிலும் அது அசையவில்லை. ஓரத்து மரத்தடியில் நின்ற பெனெல்லா அதைக் கவனிக்கவேண்டும் என்று முகத்தை லேசாக அவள் பக்கம் காட்டிக்கொண்டும் நின்றார்.

“என்ன மகராசா, சர் பட்டத்தை வாங்கிக்கிட்டு ஞாபகத்தை அரண்மனையிலேயே குடுத்துட்டு வந்துட்டியா?” என்று டெஸ்மண்டுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

வழக்கம்போல டெஸ்மண்ட் நெவிலின் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் பார்வை எப்போதும் மூக்குக்குக் கீழேயே சுற்றும், வாயோரம் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கண்ணைப் பார்த்துப் பேசக்கூட நான் லாயக்கில்லையா, என்ன திமிர் என்று நெவில் ஐம்பது வருஷமாகக் குமைந்திருக்கிறார்.

நான்காவது டேக். மேற்கே மழை திரண்டு நின்றது. இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும்.

“முப்பது வருஷம் தீர்ப்பு எழுதின கை இது.”

நின்றது.

ஒரு நொடி. இரண்டு. மரத்தடியில் பெனெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

கோட்டு எனக்குத்தான் என்று நெவிலின் நெஞ்சு குதித்தது. குதித்த குதியில் பூட்டு கழன்றது. உதடு தானாக அடுத்த வரியைச் சொல்லிவிட்டது.

“அன்னிக்குத்தான் முதல் தடவையா அது ஒரு கழுத்தைத் தொட்டுது” என்றார் டெஸ்மண்ட்.

அடுத்த வரிக்காக டெஸ்மண்டின் கண்கள் நெவிலின் வாயிலேயே காத்துக்கொண்டிருந்தன. இன்றைக்கு மட்டுமா? மேடையில், படத்தில், தொலைக்காட்சியில், ஐம்பது வருஷமும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

வாயை மூடினால் போதும். வேஷம் கைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த வரி, குளியலறையில் அவர் நிறுத்துகிற இடத்தில் நின்று, அவர் தாழ்த்துகிற இடத்தில் தாழ்ந்து வந்திருந்தது. அவருடைய நடிப்பு, கேமராவுக்கு நேர் எதிரே. இன்னும் ஒரே ஒரு வரி கேட்டுவிட்டு மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

இப்படியே வசனம் இரண்டு பக்கமும் தீர்ந்துபோனது.

கட் சொன்னதும் ஒரே கைதட்டல். பெனெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு டெஸ்மண்டைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தாள். நெவில் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நன்றி என்று ஒரு வார்த்தையாவது வரும், அதை எப்படி அலட்சியமாக வாங்கிக்கொள்வது என்று நெவில் யோசித்து முடிப்பதற்குள் டெஸ்மண்ட் பக்கத்தில் வந்து நின்றார்.

“காலையிலேர்ந்து ஏன்டா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நின்னே? எந்தப் படமானாலும் எனக்கு எதிர்ல உன்னைத்தான் நிறுத்தணும்னு நான் ஒத்தக்கால்ல நிக்கிறது எதுக்குன்னு நினைச்சே?”

கோட்டைக் கழற்றி உடைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் திரும்பினார்.

“நாளைக்கு எட்டுப் பக்கம் இருக்கு. நல்லாப் படிச்சுட்டு வா.”

அந்த எட்டுப் பக்கமும் நெவிலுக்கு நேற்றே பாடமாகியிருந்தது.