இழுப்பறைக்குள் விசில்

"அப்பாவைக் காணாம மூணு நாளாச்சு, உனக்குக் குழம்புல உப்பு பத்தலையா?" என்கிறாள் தங்கை.

"நான் பட்டினி கெடந்தா வந்துடுவாரா? காது மிஷினை மாட்டிக்கிட்டு, சொல்லிட்டுத்தான் போனாரு. போலீஸ்லயும் அதான் சொன்னேன்," என்று அண்ணன் தட்டைத் தள்ளுகிறான். அம்மா மடித்த சட்டையையே மறுபடி மடிக்கிறாள். கரண்ட் போய் மின்விசிறியின் இரைச்சல் நிற்கிறது. சன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. அண்ணனின் அலமாரி இழுப்பறைக்குள்ளிருந்து கொசு பாடுவதுபோல மெல்லிய விசில் வருகிறது. காது மிஷினை அணைக்காமல் மூடி வைத்தால் அப்படித்தான் கத்தும். வாராவாரம் அதற்கு பேட்டரி மாற்றுகிற தங்கைக்குத் தெரியாதா? அண்ணன் உரக்க இருமுகிறான். அவள் எழுந்து போய் இழுப்பறையின் பிடியைத் தொடுகிறாள். அம்மா நிமிராமலே, "ஃபேன் இப்ப வந்துடும்மா, சும்மா இரு," என்கிறாள். தங்கையின் கை அங்கேயே நிற்கிறது.

நீங்களாக இருந்தால் திறப்பீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.