பாதிப் பூ

மர்ஜியா மகளின் கவுனில் ஜரிகை இழையையே மின்கம்பியாக ஓட்டி, குட்டி பல்புகளைப் பூ வடிவில் தைத்திருந்தாள். முதுகுப்பக்கத்து பிரஸ் பட்டன்களைச் சரியாக மாட்டினால் பூ முழுதும் எரியும். ஒன்று தள்ளி மாட்டினால் பாதிதான் எரியும். அவள் கணவன் தௌஃபீக், மகளின் அத்தா, எப்போதும் தள்ளித்தான் மாட்டுவான்.

“ஒங்க சட்டைய மட்டும் சரியாப் போட்டுக்கத் தெரியுதாக்கும்?” என்று சிரிப்பாள்.

சவூதிக்குப் போனவனிடமிருந்து சில வாரங்களாகப் போன் இல்லை. ஊரில், லப்பைக்குடிகாட்டில், அவனைப் பற்றி அவள் விசாரிக்காத வீடில்லை.

பெருநாள் காலையில் வீட்டில் தாயும் மகளும் மட்டுமே இருந்தார்கள். உள்ளறையிலிருந்து மகள் இஃப்பத் கவுனோடு வந்தாள். பாதிப் பூ எரிந்தது.

“யாருடி மாட்டிவுட்டா?”

“அத்தாதான்.”

மர்ஜியா அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை.

“பேட்டரி தீந்துடும்மா, கழட்டிவுடு,” என்றாள் இஃப்பத்.

மகளை மடியில் இருத்திக்கொண்டாள். வெளிச்சம் அணையும்வரை பட்டனைத் தொடவில்லை.