நாற்பது வசனங்கள்

“விண்கலத்தோட கம்ப்யூட்டர் அதே நாப்பது வசனத்தையே பேசுது. புதுசா எழுதுங்க சார்!” எரிந்து விழுந்தார் விண்வெளித் தொடரின் புது இயக்குநர்.

“அந்த நாப்பதுக்குள்ளதான் நான் கதையே கட்டுறேன்” என்றார் எழுத்தாளர்.

“குரல் குடுத்தது உங்க பொண்ணுதானாமே? கூட்டிட்டு வாங்க, புதுசா பதிவு பண்ணிடலாம்.”



ஒலிப்பதிவாளர் தயங்கினார். “பழைய பதிவோட கடைசியில இன்னொண்ணு இருக்கு சார். அன்னைக்கு மைக்கை அணைக்க மறந்துட்டேன்.” பொத்தானை அழுத்தினார்.

“போதும்ப்பா. எவ்வளவு நேரம்? வீட்டுக்குப் போலாம்” என்றது சிறுமியின் குரல்.

“பிரமாதம்! ‘அப்பா’வை மட்டும் ‘கேப்டன்’னு மாத்திப் பேசச் சொல்லுங்க” என்றார் இயக்குநர்.

“அவ தவறி ஆறு வருஷமாச்சு” என்றார் எழுத்தாளர்.

அத்தனை வருடமும் வானத்திலேயே சுற்றவிட்ட விண்கலத்தை அன்றே எழுதிய காட்சியில் தரையிறக்கினார்.