மயிரிழை பிசகாத மாடி

வரைவாளர் வீட்டு மாடிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் ஆயுள் இருந்தது. அனுமதி பெற்ற வரைபடத்தை அதற்குள் காட்டாவிட்டால் மாடி இடிக்கப்படும் என்று கட்டட அனுமதி அலுவலகத்தார் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தனர். காட்டுவதற்கு வரைபடம் இல்லை. இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு துளையைக்கூட இடம் மாற்றி வரைந்தறியாத அம்மனிதர், தம் தலைக்கு மேல் நான்கு சுவர் எழுப்ப இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்தே பார்த்ததில்லை.

அந்த மாடியில்தான் அவருடைய மச்சான் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தான். ஆகவே, கள்ள யோசனை அவனிடமிருந்து புறப்பட்டதில் வியப்பில்லை.

"போன மழையில அந்த ஆபீஸ் ரெக்கார்டெல்லாம் நனைஞ்சு கூழாயிடுச்சாம் மாமா. எதைக் காட்டினாலும் ஒத்துப் பார்க்க அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு பிளான் வரைஞ்சு, நாலு வருஷத்துக்கு முந்தின தேதியைப் போடுங்க. முத்திரையைக் குத்தி, பழைய ஆபீசர் கையெழுத்தையும் போட்டுட்டா முடிஞ்சுது."

"முத்திரைக்கு எங்க போறது?"

மச்சான் தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய அசல் வரைபடத்தைப் பார்த்து, மூன்றே நாளில் செருப்பின் அடிப்பாகத்தில் முத்திரையைச் செதுக்கி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத தொழிற்சாலை வரைபட அறையில் இருவரும் கணினிமுன் அமர்ந்தனர். அச்சிடுவதற்கான பெட்டி திரையில் திறந்தது. 'தாளுக்குப் பொருத்து' என்ற கட்டத்தில் தானாகவே ஒரு டிக் விழுந்திருந்தது. வரைவாளர் பாம்பைக் கண்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"அமுக்குங்க மாமா. யாராவது வந்துடப் போறாங்க."

"இந்த டிக் இருந்தா, படத்தைப் பேப்பர் ஓரத்துக்குள்ள அடைக்கிறேன்னு மெஷின் சுருக்கிடும் மச்சான். பன்னெண்டு மீட்டர் சுவரை நூத்துல ஒண்ணா வரைஞ்சா, பேப்பர்ல பன்னெண்டு சென்டிமீட்டர் வரணும். டிக்கை விட்டா பதினொண்ணரைதான் வரும். அப்புறம் அது பிளான் இல்ல, பொம்மை."

"நாம போடுறதே கள்ள பிளான்தானே மாமா?"

"கள்ளத்தனமா இருக்கலாம். தப்பா இருக்கக் கூடாது."

டிக்கை எடுத்தார். முதல் தாளில் ஓரக்கோடு வெட்டுப்பட்டது, கிழித்தார். இரண்டாவதில் சுவரும் சன்னலும் ஒரே தடிமனில் வந்தன, அதையும் கிழித்தார். ஏழாவது தாளில்தான் அவர் முகம் தெளிந்தது. அளவுகோலை வைத்தார். பன்னிரண்டு. மயிரிழைகூடப் பிசகவில்லை.

மச்சான் பொழுது போகாமல் அதே அளவுகோலை எதிர்வீட்டு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தான். "மாமா, இதுல எல்லாம் கொஞ்சம் கம்மியா இருக்கே?"

"மடிச்சு மடிச்சுப் பொட்டிக்குள்ள வச்சா பேப்பர் சுருங்காம என்ன பண்ணும்? அதைத் தள்ளி வை."

மறுநாள் காலை, மாடியின் ஆயுள் உதவிப் பொறியாளரின் மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டது. அந்த அம்மையார் முதலில் பூதக்கண்ணாடியால் முத்திரையை ஆராய்ந்தார். மச்சான் தன் செருப்புக் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அடுத்துக் கையெழுத்து. அதற்குரியவர் ஓய்வுபெற்றுவிட்டார், பணியில் இருந்த காலத்திலும் அவருடைய இரண்டு கையெழுத்துகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

அதுவரை வியர்த்துக்கொண்டிருந்த வரைவாளர் அப்போதுதான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அம்மையார் ஒரு சுவரை அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். வேறு சுவரை அளந்தார். பக்கத்து மேஜையிலிருந்து வேறோர் அளவுகோலை வாங்கி மறுபடியும் அளந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க."

அலுவலகமே கூடிவிட்டது. மூத்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளைத் தொடக் கூசியவராய்க் குனிந்தார்.

"என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல மேடம்."

தட்டச்சு செய்பவர் தம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். வரைவாளரின் நெஞ்சு நிமிர்ந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் அவர் வரைந்த எதையும் எவரும் இப்படிச் சூழ்ந்து நின்று பார்த்ததில்லை.

"சுவர் பன்னெண்டு சென்டிமீட்டர். வாசல் ஒண்ணு. அத்தனையும் அச்சு அசலா இருக்கு" என்றார் அம்மையார். "இது நம்ம ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததுதானே சார்?"

"இதே ஆபீஸ்தான் மேடம்" என்றார் வரைவாளர்.

"எங்க மெஷின்லயே?"

"என் கண்ணு முன்னாடிதான் எடுத்தாங்க."

அம்மையார் அளவுகோலை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கடைநிலை ஊழியரிடம் திரும்பினார். "வாசக் கதவைச் சாத்திட்டு, போலீஸுக்கு ஒரு போன் போடுங்க."

மச்சான் செருப்பை விட்டுவிட்டு எழுந்தான். வரைவாளரால் கேட்காமலிருக்க முடியவில்லை.

"இதுல எங்க மேடம் தப்பு இருக்கு?"

"எங்கயும் இல்லையே சார். 'தாளுக்குப் பொருத்து'ங்கிற அந்த டிக்கை எடுக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இந்த ஆபீஸ்ல இன்னிக்கு வரைக்கும் வேலைக்குச் சேர்ந்ததில்ல."